கண்ணாடி வைத்த பிள்ளை வண்டி

சனிக்கிழமை காலை எனக்கு இருந்தது ஒரேயொரு வேலை. கொட்டாஞ்சேனைக்குப் போய் ஒரு பிள்ளை வண்டியைப் பார்த்து, பிடித்தால் வெள்ளவத்தைக்குக் கொண்டுவர வேண்டும். அவ்வளவுதான்.

நாற்பத்தைந்து வயதில் இவனுக்கு இது தேவையா என்று நீங்கள் கேட்பீர்கள். பரவாயில்லை, எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு எல்லோரும் கேட்டாகிவிட்டது.

நான் கோட்டையில் ஒரு கேபிள் கம்பனியில் இரவு வேலை செய்கிறவன். ஊர் தூங்குகிற நேரத்தில் சீமையிலிருந்து தட்டுகிற தந்திகளைக் காதால் கேட்டு எழுதி எடுக்க வேண்டும். அந்தத் தட்டை நானே கேட்டுக் கேட்டுப் பழகினேன். இங்கிலீசும் அப்படித்தான், பழைய பேப்பர்களைப் படித்து. பள்ளிக்கூடம் என்னை ஐந்தாம் வகுப்போடு கைகழுவிவிட்டது. எல்லாவற்றையும் யாருடைய உதவியும் இல்லாமல் படித்துக்கொண்டேன். நித்திரை கொள்வதற்கு மட்டும் வீட்டில் மற்றவர்களுடைய ஒத்தாசை வேண்டியிருக்கிறது.

அந்த ஒத்தாசையைத் தர மறுப்பவர் என் மகன். அப்போது வயது ஏழு மாதம்.

கலியாணமாகிப் பதினொரு வருஷத்துக்குப் பிறகு பிறந்தவர். அதனால் அவரை யாரும் கோபிக்க முடியாது. அவர் ஒரு இடத்தில் கிடந்து நித்திரை கொள்ள மாட்டார். ஏணையில் போட்டு ஆட்டினாலும் ஏமாற மாட்டார். இடம் விட்டு இடம் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தோளில் போட்டு நடந்தால் கண் மூடும். நின்றால் வாய் திறக்கும்.

என் மனைவி பரிமளம் பகல் முழுக்க அறைக்கும் குசினிக்கும் நடப்பாள். கை கடுத்து எங்காவது உட்காருவாள். உடனே மகன் அலறுவார். இரவு முழுக்க விழித்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்த நான் துள்ளி எழும்புவேன்.

இதன் பலன், அதற்கு முந்தின மாதம் நான் வேலை நேரத்தில் தூங்கிவிட்டேன். ஒரு தேயிலைக் கம்பனியின் தந்தியில் நடுவிலே ஒரு வசனம் அப்படியே காணாமல் போய்விட்டது.

துரை கூப்பிட்டார். கோபப்படவில்லை. அதுதான் பயம்.

"இன்னொரு முறை இங்கே கண் மூடினால், பிறகு வீட்டிலேயே நிம்மதியாக மூடிக்கொண்டிருக்கலாம்" என்றார்.

வீட்டிலே மூட முடியாததால்தானே இங்கே மூடினேன் என்று சொல்ல வாய் வந்தது. இங்கிலீசு வரவில்லை.

இந்த நிலைமையில்தான் துறைமுகத்தில் வேலை செய்கிற சூசைதாசன் அண்ணை வந்து சொன்னார். கப்பல் எஞ்சினியர் ஒருவர் குடும்பத்தோடு ஊருக்குப் போய்விட்டாராம். அவருடைய பிள்ளை போன வண்டி தன்னிடம் விலைக்குக் கிடக்கிறதாம். "ஆனா சாதாரண வண்டி இல்ல தம்பி. கொழும்பிலயே இப்படி ஒண்டு இல்ல."

நான் அன்றைக்கே பரிமளத்திடம் சொன்னேன்.

"பிள்ளை வண்டியோ? ஆர் தள்ளுறது?"

"நீர்தான்."

"நானோ? காலிமுகத் திடலிலை வெள்ளைக்காரப் பிள்ளையளைத் தள்ளிக்கொண்டு போறது ஆர் எண்டு தெரியுமோ? ஆயாமார்! என்னை ஆயா ஆக்கப் பாக்கிறியளோ?"

"கை நோகுது எண்டு நீர்தானே சொன்னனீர்?"

"கை நோகட்டும். மானம் நோகாமல் இருந்தால் காணும்."

நான் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டேன். படலை வரைக்கும் வந்துவிட்டேன். பின்னால் இருந்து குரல் வந்தது.

"இஞ்சருங்கோ, எதிர்வீட்டுப் புரொக்டர் பெண்சாதியிட்டை அப்பிடி ஒண்டு இருக்கோ?"

"இல்லை."

நான் படலையைத் திறந்தேன்.

"என்ன நிறமாம்?"

மானம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை நான் எந்தப் பேப்பரிலும் படித்ததில்லை. எங்கள் ஒழுங்கையில் அது வழக்காடுகிற புரொக்டர் வீட்டு வாசலில் முடிகிறது.

ஆகவே ஏற்பாடு இப்படி ஆனது. வண்டியை இரண்டு நாளைக்குக் கேட்டு வாங்கி வருவது. பிள்ளையைக் கிடத்தித் தள்ளிப் பார்ப்பது. பிள்ளை தூங்கினால் வாங்குவது. தூங்காவிட்டால் திருப்பிக் கொடுப்பது. இதில் பிழை வர ஒரு வழியும் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

கடைசி நேரத்தில் பரிமளம் ஒரு நிபந்தனை போட்டாள்.

"வெறுமனே தள்ளிக்கொண்டு வராதேங்கோ!"

"ஏன்?"

"வெறும் தொட்டிலை ஆட்டினாலே பிள்ளைக்கு வயித்துக்குத்து வரும். இது சில்லு வைச்ச தொட்டில். கொட்டாஞ்சேனையிலை இருந்து வெள்ளவத்தை மட்டும் வெறுமனே உருட்டினால் பிள்ளை என்னத்துக்காகும்? உள்ளுக்கை ஏதாவது வைச்சுத்தான் தள்ளவேணும்."

"என்னத்தை வைக்கிறது?"

"அதையும் நானே சொல்லவேணுமோ? இங்கிலீசு படிச்ச மனுசன்தானே நீங்கள்."

இங்கிலீசில் அதற்கு வழி சொல்லியிருக்கவில்லை.

வேலை முடிந்து, முகம் கழுவி, செட்டியார் தெருக் கோயிலில் ஒரு கும்பிடு போட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கறுப்புக் கோட்டு, வேட்டி, தூக்கமில்லாத கண். இந்த வேஷத்தை நீங்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அன்றைக்கு என்னை மாட்டிவிட்டது பாதி இதுதான்.

சூசைதாசன் அண்ணை வாசலிலேயே நின்றார். உள்ளே கூட்டிக்கொண்டு போய், மேலே கிடந்த பழைய சீலையை ஒரே இழுப்பாக இழுத்தார்.

நான் எதிர்பார்த்தது ஒரு கூடையும் நாலு சில்லும்.

அங்கே நின்றது ஒரு மாளிகை. கறுப்பு மெருகு பூசிய மரம். இரண்டு பக்கமும் கண்ணாடி. முன்னுக்குத் திறந்து மூடக் கண்ணாடிக் கதவு. மேலே வளைந்த கூரை, கூரையைச் சுற்றித் தொங்கும் வெள்ளைக் குஞ்சம். நாலு மூலையிலும் பித்தளை விளக்கு. உள்ளே ஊதா வெல்வெட்டு மெத்தை.

"அண்ணை, இது வண்டியோ, அலுமாரியோ?"

"கப்பல் ஆசாரி செஞ்சது தம்பி! அந்த எஞ்சினியர் நோனாவுக்கு நுளம்புக் கடிக்குப் பயம். பாருங்க, ஒரு நுளம்பு உள்ள போகாது."

"காத்துப் போகுமோ?"

"மேல ஓட்டை இருக்கு, பயப்படாதீங்க. வெள்ளைக்காரப் பிள்ளை இதில ஏறினா பெட்டிப் பாம்பு. ரெண்டு நாள் கொண்டுபோய்த் தள்ளிப் பாருங்க. பிள்ளை தூங்கினா எனக்குச் சல்லி. தூங்காட்டி எனக்கு வண்டி."

நான் கைப்பிடியைப் பிடித்து ஒருமுறை அசைத்தேன். எண்ணெய் விட்ட சில்லு சத்தமே இல்லாமல் உருண்டது. உண்மையைச் சொன்னால், மகனை இறக்கிவிட்டு நானே ஏறிப் படுத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு பரிமளத்தின் நிபந்தனையைச் சொன்னேன். அண்ணை சிரிக்கவில்லை. அவர் கத்தோலிக்கர்தான், ஆனால் வெறும் தொட்டில் விஷயத்தில் அவருடைய மனைவிக்கும் இதே கொள்கையாம். தேங்காய் வைக்கலாமா, விறகுக் கட்டை வைக்கலாமா என்று யோசித்தோம். அப்போது அந்த அக்கா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் கட்டை? உங்கட தங்கச்சிக்குக் குடுத்தனுப்ப வேண்டிய பாலன் இருக்கே. அவவும் வெள்ளவத்தைதானே?"

பாலன் என்றால் குழந்தை யேசுவின் சுருவம், அதாவது சிலை. யேசு பிறந்த நத்தார்ப் பண்டிகைக்குக் குடிலில் வைப்பதற்காகப் புதிதாக வர்ணம் பூசி வைத்திருந்தார்கள். ஏறக்குறைய எங்கள் மகன் அளவு. சிவந்த கன்னம், விரித்த கை, அகலத் திறந்த கண். தூங்காத பிள்ளை என்ற வகையில் எங்கள் வீட்டுக்கு நெருங்கிய சொந்தம்.

அக்கா வெல்வெட்டில் பின்னல் துணி விரித்து, சின்னத் தலையணை வைத்து, பாலனை நடுவில் கிடத்தினார். சுருவமும் போய்ச் சேரும், வண்டியும் வெறுமனே உருளாது. ஒரே தள்ளில் இரண்டு வேலை! என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். அதன் பிறகு அன்றைக்கு மெச்சும்படியாக ஒன்றும் நடக்கவில்லை.

டிராம் வந்தது. கண்டக்டர் வண்டியைக் கண்டதும் இரண்டு கையையும் விரித்தான்.

"பேஹே, பேஹே மாத்தயா! இதை ஏத்தினால் ஆக்களை எங்கே ஏத்துறது?" என்று சிங்களத்தில் கத்தினான். மணியை இழுத்தான். போயே போய்விட்டான்.

ரிக்ஷாக்காரனைக் கேட்டேன். அவன் சிரித்தான்.

சரி, கோட்டை ஸ்டேசன் வரை தள்ளிக்கொண்டு போய் ரெயிலில் ஏற்றலாம் என்று நடக்கத் தொடங்கினேன்.

கொஞ்சத் தூரம் போயிருப்பேன். எதிரே வந்த ஒரு கிளாக்கர் நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

எனக்கு யாரும் தொப்பி கழற்றியது அதுவே முதல் தடவை. நானும் தலையைச் சரித்து மரியாதை செய்தேன். அடுத்து ஒரு மீன்காரர் தன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வழிவிட்டார். ஒரு கடைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழும்பி நின்றார்.

பரிமளம் ஒன்றும் தெரியாமல் பேசியிருக்கிறாள் என்று நினைத்தேன். பிள்ளை வண்டி தள்ளுகிறவனுக்கு என்ன மரியாதை! நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தள்ளினேன்.

சந்தியில் இரண்டு பெண்கள் தெருவில் முழங்காலில் நின்றார்கள்.

மரியாதை கொஞ்சம் கூடிவிட்டதே என்று அப்போதுதான் பட்டது. குனிந்து வண்டியைப் பார்த்தேன். கண்ணாடி. குஞ்சம். விளக்கு. ஊதா வெல்வெட்டு. நடுவில் கை விரித்தபடி பாலன்.

திருநாளுக்குத் திருநாள் தோளில் தூக்கி ஊர்வலம் போவார்களே, சுருவக் கூடு, அது இதேதான். இதற்குச் சில்லு இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு இருபது முப்பது பேர். முன்னுக்கு நின்றவள் இடியப்பக்காரி றோசம்மா. பெயர் பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், வெறும் இடியப்பத் தட்டை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெரிய உருவமும், அதைவிடப் பெரிய குரலும்தான்.

"எந்தக் கோயில் பாலன் தம்பி?"

உண்மையைச் சொல்லி உடனே தப்பிவிடலாம் என்று நினைத்தேன். உண்மையில் எனக்கு எப்போதும் ஒரு மூட நம்பிக்கை உண்டு.

"கோயில் ஒண்டும் இல்லையம்மா. இது விலைக்கு."

"விலைக்கா? பாலனையா?"

"ஐயோ இல்லை! வண்டி! வண்டிதான் விலைக்கு!"

"பாலன் ஏறியிருக்கிற வண்டியையா?"

"பாலன் சும்மா ஏறியிருக்கிறார். வெறுமனே தள்ளக்கூடாது எண்டு..."

"பாலன் சும்மாவாம்! கேட்டீங்களா?"

கேட்டார்கள். முப்பது பேர் அறுபது ஆனார்கள். "கள்ளன் போல இருக்கு" என்று ஒருவர் சொன்னார். "கோயில்ல இருந்துதான் தூக்கியிருக்கான்" என்று இன்னொருவர். கூட்டத்தைக் கண்டு ஒரு பொலிஸ்காரர் வந்துவிட்டார்.

"எங்க எடுத்தது?"

"சூசைதாசன் அண்ணை தந்தவர்."

"நீ எந்தக் கோயில் பங்கு?"

"நான்... சைவம்."

எல்லோருடைய கண்ணும் ஒரே நேரத்தில் என் நெற்றிக்கு ஏறியது. நான் துடைக்கக் கையை எடுத்தேன். துடைத்தால் இன்னும் மோசம் என்று கையை இறக்கினேன். அந்தக் கை எங்கே போவது என்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

றோசம்மா கிட்ட வந்தாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். சிவந்த கண், ஒட்டிய கன்னம். என் முகம் பிறந்ததிலிருந்தே எதையோ கேட்டுக் கிடைக்காத முகம். அதற்கு மேல் ஏழு மாத நித்திரை வேறு பாக்கி. அவள் குரல் திடீரென்று இளகிவிட்டது.

"எத்தனை வருசமாப் பிள்ளை இல்ல தம்பி?"

இந்தக் கேள்வியை என்னிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! கலியாண வீடுகளில், செத்த வீடுகளில், ரெயிலில், சலூனில். கேட்டவுடன் பதில் தானாக வரும்படி நாக்குப் பழகிவிட்டது.

"பதினொரு வருஷம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்குப் பிள்ளை இருப்பது ஞாபகம் வந்தது.

அதற்குள் றோசம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

"மாதாவே! பதினொரு வருசம்! சைவக்கார மனுசன், பிள்ளை வரம் கேட்டுப் பாலனைத் தள்ளிக்கிட்டு நேர்த்திக்கடன் செய்றார். நீங்க கள்ளன் எண்டு சொல்றீங்களே! நாக்கு அழுகாதா?"

"இல்லையம்மா, இப்ப எனக்கு..."

"பேசாதீங்க தம்பி! நேர்த்தியில பேசக்கூடாது."

"நான் சொல்ல வந்தது..."

"பேசினா பலிக்காது!"

என்னைக் கள்ளன் என்றவரே முதலில் வந்து வண்டியின் மேல் ஒரு மாலையைப் போட்டார். எங்கிருந்தோ மெழுகுதிரி வந்தது. பித்தளை விளக்கு நாலும் எரிந்தன. யாரோ பாட்டு எடுத்தார்கள், பின்னால் எல்லோரும் வாங்கிப் பாடினார்கள். பொலிஸ்காரர் முன்னால் நடந்து கையைக் காட்டி வண்டி வாகனங்களை நிறுத்தினார்.

நிறுத்தியதில் ஒரு டிராமும் இருந்தது. அதே டிராம், திரும்பி வருகிறது. அதே கண்டக்டர். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நின்றான். நான் அவனை ஒரு பார்வை பார்த்தேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அந்தப் பார்வை.

சந்தியில் நான் வண்டியைக் கோட்டைப் பக்கம் திருப்பினேன். கூட்டம் கோயில் பக்கம் திருப்பியது.

"நான் ஸ்டேசனுக்குப் போகவேணும்!"

"ஸ்டேசன்லயா நேர்த்தி முடிப்பாங்க?"

இதற்கு மறுமொழி இருந்தால் யாராவது எனக்கு எழுதி அனுப்புங்கள்.

கோயில் வாசலில் சுவாமியார் வந்து நின்றார். பிரான்சுக்காரர். செம்பட்டைத் தாடி. தமிழைப் புத்தகத்தில் படித்து அப்படியே பேசுகிறவர். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கண்ணில் ஒரு சந்தேகம் தெரிந்தது. எனக்கு உயிர் வந்தது.

"மகனே, இது குழந்தைகளை வைத்துத் தள்ளுகிற வண்டி அன்றோ?"

"ஓம் சுவாமி! அதுதான்! அதேதான்!" கிட்டத்தட்ட அழுதுவிட்டேன்.

சுவாமியார் தாடியைத் தடவினார்.

"நன்று. பாலனும் குழந்தை அன்றோ? மிகவும் பொருத்தம்."

கூட்டம் ஆனந்தத்தில் கூவியது. எனக்கு வந்த உயிர் வந்த வழியே போனது.

அந்த நேரம் பார்த்து சூசைதாசன் அண்ணை சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். செய்தி அவர் வீட்டுக்கும் போய்விட்டது.

"என்ட வண்டி..." என்று தொடங்கினார்.

முழுக் கொட்டாஞ்சேனையும் திரும்பி அவரைப் பார்த்தது.

"இது உம்முடையதோ?" என்று கேட்டார் சுவாமியார்.

அண்ணை வண்டியைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். றோசம்மாவின் இடியப்பத் தட்டைப் பார்த்தார்.

"என்டது இல்ல சாமி. பாலன்டது."

அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "பாருங்க, என்ன பக்தி!" என்றாள் றோசம்மா. அது என்ன கண்ணீர் என்று அந்த இடத்தில் தெரிந்தவன் விலை பேசியிருந்த நான் ஒருவன்தான்.

இப்படியாக, பிடித்தால் கொண்டுவருவதாகச் சொல்லிப் போனவன், ஒரு வண்டியையும் ஒரு சுருவத்தையும் கோயிலில் விட்டுவிட்டு வெறும் கையோடு ரெயிலேறினேன்.

வீட்டு வாசலில் பரிமளம் நின்றாள். தோளில் மகன். அறையில் வண்டி நிற்க இடம் ஒதுக்கி, தரை கூட்டி, பாய் எல்லாம் சுருட்டி வைத்திருந்தாள்.

"எங்கை வண்டி?"

சொன்னேன். முழுவதும் சொன்னேன். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"நான் புரொக்டர் பெண்சாதியைப் பின்னேரம் வந்து பாக்கச் சொல்லிப்போட்டன்" என்றாள்.

பின்னேரம் புரொக்டர் பெண்சாதி வந்தாள். ஒதுக்கி வைத்த வெறும் இடத்தைப் பார்த்தாள். "நல்ல விசாலமா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பரிமளம் அன்றைக்கு என்னோடு பேசியது ஒரேயொரு தரம்.

"நாங்கள் தப்பினமோ, தவறவிட்டமோ எண்டு எனக்குத் தெரியவேணும். நாளைக்குக் கோயிலுக்குப் பிள்ளையைக் கொண்டுபோவம். ஒருக்கால் அந்த வண்டியிலை கிடத்திப் பாப்பம்."

"இனிமேல் பாத்து என்ன?"

"தூங்காட்டில் நிம்மதியா மறந்திடலாம்."

அதிலே ஒரு நியாயம் இருந்தது. எனக்கும் அவன் தூங்கக்கூடாது என்றே இருந்தது. வேலை போகிற நிலைமையில் இருக்கிறவன், கை நழுவிய மருந்து நல்ல மருந்து என்று கேள்விப்பட விரும்ப மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் போனோம். கோயில் முற்றத்தில் வண்டி மாலையும் மெழுகுதிரியுமாக நின்றது. பக்கத்தில் காவலுக்கு றோசம்மா. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பிறகு என் தோளைக் கண்டாள்.

"ஆர்ட பிள்ளை தம்பி?"

அதற்குமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

"என்ர."

றோசம்மாவின் வாய் திறந்தபடி நின்றது. நான் அடி வாங்கத் தயாரானேன்.

"பாலன் குடுத்திட்டார்!" என்று கூரை அதிரக் கத்தினாள். "வாங்க! எல்லாரும் ஓடி வாங்க! நேத்துக் கேட்டார், இண்டைக்குக் குடுத்திட்டார்!"

"ஆர் குடுத்தது?" என்றாள் பரிமளம்.

"பாலன் தங்கச்சி! பாலன்!"

"இவனுக்கு ஏழு மாசம், அம்மா!"

"அதுதானே புதுமை! சின்னதாக் குடுத்தா வளக்கக் கஷ்டம் எண்டு வளத்தே குடுத்திருக்கார்!"

பரிமளத்துக்கு ஏறிவிட்டது. "பத்து மாசம் சுமந்தது நான்! பேர் மட்டும் உங்கடை பாலனுக்கோ?"

பக்கத்தில் நின்ற என்னை இரண்டு கட்சியுமே கணக்கில் எடுக்கவில்லை.

வாக்குவாதம் முற்றுவதற்குள் யாரோ ஒருத்தி மகனை என் தோளில் இருந்து எடுத்துவிட்டாள். பாலனைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு பக்கத்திலேயே மகனைக் கிடத்தினாள். கண்ணாடிக் கதவைச் சாத்தினாள். வண்டி அசைந்தது.

அதைத் தள்ள எத்தனை கை! "எனக்குத் தாங்க, எனக்குத் தாங்க" என்று பெண்கள் சண்டை பிடித்தார்கள். கோயிலைச் சுற்றி வண்டி போனது. பரிமளம் வாயை மூடிக்கொண்டு பின்னால் போனாள். நானும் போனேன்.

முதல் சுற்றில் மகன் குஞ்சத்தைப் பார்த்தான். இரண்டாம் சுற்றில் பாலனின் கையைப் பிடித்துக்கொண்டான். மூன்றாம் சுற்றில் கண் சொருகியது. பெண்கள் மூச்சு வாங்க நிறுத்தினார்கள். வண்டி நின்றது.

மகன் எழும்பவில்லை!

ஏழு மாதத்தில் முதல் தடவையாக, நின்ற இடத்தில், வாய் லேசாகத் திறந்தபடி, புதையல் எடுத்தவன் மாதிரித் தூங்கினான்.

பரிமளம் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தாள்.

"வாங்கியிருக்க வேணும்" என்றாள்.

தூண் ஓரத்தில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சூசைதாசன் அண்ணை ஒரு பெருமூச்சு விட்டார்.

"அண்ணை, இப்ப வாங்கேலாதோ?" என்று இரகசியமாகக் கேட்டேன்.

"என்னட்டக் கேக்காதீங்க தம்பி. பாலனிட்டக் கேளுங்க."

பூசை தொடங்கியது. எல்லோரும் உள்ளே போனார்கள். புதுமைப் பிள்ளையின் தகப்பன் என்று எனக்கும் உட்கார ஒரு வாங்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். சுற்றிலும் தெரியாத பாஷையில் மந்திரம், குங்கிலிய வாசனை, எங்கேயும் ஒரு பிள்ளை அழும் சத்தம் இல்லை. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. பரிமளம் விலாவில் இடித்து எழுப்பும்போது வாங்குகள் காலியாகக் கிடந்தன.

அன்று தொடங்கியது. நத்தாரும் வந்து போய்விட்டது. வண்டி இன்னும் கோயிலில்தான். அண்ணை தன் தங்கச்சிக்கு வேறு பாலன் வாங்கிக் கொடுத்தார். அதை என்னிடம் தந்து அனுப்பவில்லை.

நாங்கள் ஞாயிறு தவறாமல் வெள்ளவத்தையில் இருந்து கொட்டாஞ்சேனைக்குப் போகிறோம். றோசம்மாவும் கூட்டாளிகளும் மகனைத் தள்ளுகிறார்கள். பரிமளத்துக்குக் கையும் நோகவில்லை, ஆயா என்ற பேரும் இல்லை. நான் உள்ளே போய் வாங்கில் சாய்ந்துகொள்கிறேன். அந்த நித்திரையை வைத்துக்கொண்டு திங்களும் செவ்வாயும் ஓட்டலாம். புதன்கிழமை பின்னேரம் இன்னொரு பூசை உண்டு என்று கேள்விப்பட்டு அதற்கும் போகிறோம். கேபிள் கம்பனியில் என் கண் மூடவில்லை. வேலையும் போகவில்லை.

நாங்கள் கத்தோலிக்க வேதத்தில் சேரப் போகிறோம் என்று றோசம்மா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். போன ஞாயிறு சுவாமியாரே என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மகனே, ஒளியாமல் சொல்லு. நீ எதற்காகக் கோயிலுக்கு வருகிறாய்?"

சைவனாக இருந்தாலும் சுவாமியாரிடம் பொய் சொல்ல முடியுமா?

"நித்திரை கொள்ள, சுவாமி."

சுவாமியார் கோபிக்கவில்லை. என் தோளைத் தட்டினார்.

"இந்தப் பங்கிலே அதற்காக வருகிறவர்கள் அநேகர், மகனே. வாய்விட்டுச் சொன்னவன் நீ ஒருவனே."